பிரஷர் மாத்திரை கால்சியத்தை என்ன செய்கிறது? அம்மா எலும்புக்குப் பயந்து நிறுத்திவிட்டார்

கரிசல்மண்:

வணக்கம். அம்மாவுக்கு வயசு 64. மூணு வருஷமா தினமும் காலையில ஆம்லோடிபின் 5 மில்லிகிராம் போட்டுக்கிட்டு இருந்தாங்க. பிரஷர் 130 பக்கத்துலயே நின்னுச்சு, ஒரு தொந்தரவும் இல்லை. போன மாசம் இடுப்பு வலிக்காக எலும்பு அடர்த்தி ஸ்கேன் எடுத்தோம். எலும்பு ரொம்ப மெலிஞ்சிருக்குன்னு சொல்லி கால்சியமும் வைட்டமின் டி-யும் எழுதிக் கொடுத்தாங்க. அதை வாங்கப் போன கடையில யாரோ அம்மாகிட்ட, "நீங்க போடுறது கால்சியம் பிளாக்கராச்சே, ஒரு கையால கால்சியம் சாப்பிட்டு மறு கையால தடுக்குறீங்களே"ன்னு கேட்டிருக்காங்க. அம்மா வீட்டுல யாருக்கும் ஒரு வார்த்தை சொல்லாம ஆம்லோடிபினை நிறுத்திட்டாங்க.

பத்து நாள் ஆகியிருக்கு. நேத்து சாயங்காலம் தலை கனக்குதுன்னு திண்ணையில உக்காந்துட்டாங்க. வீட்டு மெஷின்ல பார்த்தா 172/98. அலமாரியைத் திறந்தா மாத்திரை அட்டை குமிழ் உடையாம அப்படியே இருக்கு.

கேட்டா, "எலும்பு போயிடுச்சுன்னா யார்டா என்னைத் தூக்குவீங்க?"ங்கிறாங்க. எனக்கும் பதில் தெரியல. உண்மையிலேயே இந்த மாத்திரை உடம்புல கால்சியத்தை என்ன பண்ணுது? தெரிஞ்சவங்க கொஞ்சம் விளக்கமா சொல்லுங்க. அம்மாவுக்குப் படிச்சுக் காட்டணும்.

செம்பருத்தி:

விளக்கம் அப்புறம் வரட்டும் தம்பி. முதலில் இதைப் பாருங்கள். நெஞ்சு வலி, மூச்சு வாங்கல், ஒரு பக்கம் கை கால் மரத்துப்போவது, வாய் கோணல், பேச்சு குழறல், பார்வை மங்கல் இதில் ஏதாவது ஒன்று இருந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள், யோசிக்க வேண்டாம். எதுவும் இல்லையென்றால், அரை மணி நேரம் சாய்ந்து உட்கார வைத்து மறுபடி அளந்து பாருங்கள். இன்றைக்கே அம்மாவின் டாக்டரிடம் பேசுங்கள். "பத்து நாளாகப் போடவில்லை" என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். மறைத்தால், மாத்திரை போதவில்லை என்று நினைத்து டோஸை ஏற்றிவிடுவார்கள்.

ஒன்று மட்டும் இப்போதே சொல்கிறேன். விட்டதற்கு ஈடாக இரண்டு மாத்திரையாகப் போடக் கூடாது. ஆம்லோடிபின் உடம்பிலிருந்து பாதி குறையவே 30 முதல் 50 மணி நேரம் ஆகும். அதனால்தான் நிறுத்திய முதல் இரண்டு மூன்று நாள் அம்மாவுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது, "பாத்தியா, இல்லாமலே நல்லாத்தான் இருக்கேன்" என்று தோன்றியிருக்கும். திரும்ப ஆரம்பித்தாலும் முழுப் பலன் தெரிய ஒரு வாரம் ஆகும். நான் செவிலியராக இருந்த 26 வருடத்தில் இந்த மாத்திரையை நிறுத்திவிட்டு வந்தவர்கள் பெரும்பாலும் இந்த முதல் மூன்று நாளால்தான் ஏமாந்தார்கள்.

மதகடி:

செம்பருத்தி அம்மா சொன்னதை முதலில் செய்யுங்கள். நான் மருந்தியல் பாடம் எடுத்தவன், உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

உங்கள் அம்மா பயந்ததில் தவறு இல்லை. தவறு பெயரைப் பாதியில் வெட்டியதில். முழுப் பெயர் கால்சியம் சேனல் பிளாக்கர். நடுவில் உள்ள "சேனல்" விழுந்துவிட்டதால் கால்சியத்தையே தடுப்பது போல ஆகிவிட்டது.

நம் உடம்பில் ஏறத்தாழ ஒரு கிலோ கால்சியம் இருக்கிறது. நூற்றில் 99 பங்கு எலும்பிலும் பல்லிலும். ரத்தத்தில் இருப்பது ஒரு டெசிலிட்டருக்கு 8.5 முதல் 10.5 மில்லிகிராம் அளவு. பாராதைராய்டு சுரப்பி, வைட்டமின் டி, சிறுநீரகம் எல்லாம் சேர்ந்து அந்த அளவை இராப்பகலாகக் காவல் காக்கின்றன. குடலில் கால்சியம் ஏறுவது, எலும்பில் சேர்வது, சிறுநீரில் போவது, இந்த மூன்று வேலையையும் ஆம்லோடிபின் தடுப்பதில்லை. மூன்று வருடம் போட்டவரின் ரத்தத்தில் கால்சியம் பார்த்தாலும் இந்த மாத்திரையால் அது குறைந்திருக்காது.

அது வேலை செய்யும் இடம் வேறு. சிறிய ரத்தக்குழாய்களின் சுவரில் வளையம் வளையமாகச் சுற்றிக் கிடக்கும் மென்தசை செல்கள்தான் அந்த இடம். ஒவ்வொரு செல்லும் ஏரிக்குக் கீழே கிடக்கும் வயல் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியே கால்சியம் தளும்பி நிற்கிறது. உள்ளே, தசை ஓய்வாக இருக்கும்போது, வெளியே உள்ளதில் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். இவ்வளவு மேடு பள்ளம் இருப்பதால் மதகு கொஞ்சம் திறந்தாலே போதும், பாய்ந்துவிடும். அந்த மதகுதான் எல்-வகை கால்சியம் சேனல். செல் சவ்வின் மின்னழுத்தம் ஏறினால் அது திறக்கும்.

உள்ளே வந்த கால்சியம் கால்மாடுலின் என்ற புரதத்தைப் போய்ப் பிடிக்கும். ஒரு கால்மாடுலினுக்கு நான்கு கால்சியம். அந்தச் சேர்க்கை ஒரு நொதியை எழுப்பும், நொதி மயோசின் இழையில் ஒரு பாஸ்பேட்டை ஏற்றும், பாஸ்பேட் ஏறிய மயோசின் பக்கத்தில் உள்ள ஆக்டினைப் பிடித்து இழுக்கும். தசை சுருங்குகிறது, குழாய் குறுகுகிறது. குழாயின் ஆரம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் போதும், ரத்தம் ஓடுவதற்கான எதிர்ப்பு ஒன்றரை மடங்கு ஆகிவிடும். ஆரத்தின் நான்காம் அடுக்கில் ஏறும் கணக்கு அது. பிரஷர் மெஷினில் நீங்கள் பார்த்த 172-இல் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

ஆம்லோடிபின் செய்வது, அந்த மதகு திறக்கும் தடவைகளைக் குறைப்பது. முழுக்க அடைத்துவிடுவதில்லை. உள்ளே வந்த கால்சியத்தை வெளியே இறைக்கும் பம்புகள் வழக்கம்போல் இறைத்துக்கொண்டே இருக்கும். வரவு குறைகிறது, இறைப்பு நடக்கிறது, செல்லுக்குள் அளவு தணிகிறது, தசை தளர்கிறது. ஏரியில் தண்ணீர் அப்படியே இருக்கிறது. அம்மாவுக்கு இதைப் படிச்சுக் காட்டுங்கள்.

இளமருந்தகம்:

ஐயா, நான் பி.ஃபார்ம் இரண்டாம் ஆண்டு. தேர்வுக்கு இதை மனப்பாடம் செய்தேன், ஆனால் ஒன்று புரியவில்லை. கை கால் தசைக்கும் கால்சியம்தானே வேண்டும்? இதயத்துக்கும் அதேதானே? இந்த மருந்து போட்டவர் நடக்கிறார், மூட்டை தூக்குகிறார், இதயமும் நிற்காமல் துடிக்கிறது. ரத்தக்குழாயை மட்டும் மருந்து எப்படி அடையாளம் கண்டுபிடிக்கிறது?

மதகடி:

நல்ல கேள்வி தம்பி. இதை நான் புத்தகத்தில் படித்தபோது எனக்கும் ஏறவில்லை. கண்ணால் பார்த்தபோதுதான் ஏறியது.

முதுகலைப் படிப்பில் விடியற்காலை ஆட்டுத்தொட்டிக்குப் போய்க் குடலைத் தாங்கும் சவ்வோடு ரத்தக்குழாயை வாங்கி, ஐஸில் வைத்த உப்புக்கரைசலில் போட்டு எடுத்து வருவோம். கொழுப்பைச் சீவி எடுத்துவிட்டு, மூன்று மில்லிமீட்டர் அகல வளையமாக நறுக்கி, இரண்டு கம்பிக் கொக்கிகளுக்கு இடையே மாட்டுவோம். கீழ்க்கொக்கி அசையாது. மேல்கொக்கி இழுவையை அளக்கும் கருவியில், கருவி தாளில் கோடு போடும் பேனாமுள்ளில். சுற்றிலும் 37 டிகிரியில் கிரெப்ஸ் என்ற உப்புக்கரைசல், அடியிலிருந்து ஆக்சிஜன் குமிழிகள். ஒரு மணி நேரம் அதைத் தொடாமல் விட வேண்டும். அவசரப்பட்டால் தசை சொன்னபடி கேட்காது.

பிறகு பொட்டாசியம் குளோரைடைக் கூட்டுவோம். சவ்வின் மின்னழுத்தம் ஏறும், மதகு திறக்கும், பேனாமுள் மேலே ஏறி அங்கேயே நிற்கும். அப்போது ஒரு துளி நிபெடிபின், ஆம்லோடிபினின் குடும்பத்து மருந்து. அது வெளிச்சம் பட்டால் கெட்டுவிடும் என்பதால் குப்பியைக் கறுப்புத் தாளில் சுற்றி, ஜன்னலையும் மூடி வைத்திருப்போம். அந்த அரையிருட்டில் முள் மெல்ல மெல்ல இறங்கிப் பழைய கோட்டுக்கே வந்துவிடும். செத்த ஆட்டின் ஒரு துண்டு ரத்தக்குழாய் மூச்சு விட்டுத் தளர்வது போல இருந்தது எனக்கு. இன்னும் அது மறக்கவில்லை.

அடுத்து வேறொரு வளையம். இம்முறை கரைசலில் கால்சியமே இல்லை. பொட்டாசியத்தைக் கூட்டினால் முள் அசையாது. ஏரி வற்றிவிட்டால் மதகைத் திறந்து என்ன பயன்? ஆனால் அதே கரைசலில், ரத்தக்குழாயைச் சுருக்கும் நார்அட்ரினலின் என்ற உடம்பின் சொந்தச் சுரப்பை விட்டால் முள் சட்டென்று ஒரு முறை எழும்பி, பிறகு விழுந்துவிடும். வெளியே கால்சியம் இல்லாதபோது எங்கிருந்து வந்தது? செல்லுக்குள்ளேயே சார்கோபிளாச வலை என்று ஒரு சேமிப்புக் குதிர் இருக்கிறது. நார்அட்ரினலின் அதைத் திறந்துவிடுகிறது. குதிர் சின்னது, சீக்கிரம் காலியாகிவிடும், அதனால்தான் முள் நிற்காமல் விழுகிறது. மதகு வழி, குதிர் வழி என்று இரண்டு வழி இருப்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

இனி உங்கள் கேள்வி. கை கால் தசையிலும் இதே குடும்பத்துச் சேனல் உண்டு. ஆனால் அங்கே அது மதகாக வேலை செய்வதை விட மணிக்கயிறாக வேலை செய்கிறது. மின்னழுத்தம் மாறியதும் அது அசைந்து, தன்னோடு ஒட்டியிருக்கும் குதிரின் கதவை நேரடியாக இழுத்துத் திறக்கிறது. சுருங்குவதற்கு வெளியிலிருந்து கால்சியம் உள்ளே வர வேண்டியதில்லை. அதனால் மூட்டை தூக்குவதில் குறை வராது.

இதயத்துக்கு வெளிக்கால்சியம் வேண்டும்தான். ஆனால் ஆம்லோடிபின், நிபெடிபின் வகை மருந்து சேனலின் எல்லா நிலையிலும் ஒரே மாதிரி ஒட்டாது. திறந்து முடிந்து செயலற்றுக் கிடக்கும் நிலையில்தான் அதிகம் ஒட்டும். இதயத் தசையின் சவ்வு ஓய்வில் மைனஸ் 85, 90 மில்லிவோல்ட் வரை இறங்கி நிற்கிறது. ரத்தக்குழாய்த் தசை மைனஸ் 40 முதல் 60 வரைதான், அதாவது எப்போதும் பாதி விழிப்பில் இருக்கிறது. அங்கே செயலற்ற நிலைச் சேனல்கள் அதிகம், மருந்துக்கு ஒட்ட இடமும் அதிகம். மருந்து தேடிப் போவதில்லை தம்பி, அந்தத் தசைதான் அதற்கு இடம் கொடுக்கிறது. வெரப்பமில், டில்டியாசெம் இரண்டும் இதே சேனலில் வேறு இடத்தில் ஒட்டுபவை. அவை இதயத் துடிப்பையும் குறைக்கும்.

செம்பருத்தி:

பிரசவ வார்டில் நாங்கள் இதைக் கண்ணால் பார்த்திருக்கிறோம் ஐயா. மாதம் முடியுமுன் வலி வந்தால் நிபெடிபின் கொடுத்துக் கர்ப்பப்பையின் சுருக்கத்தைத் தணிப்பார்கள். அதுவும் மென்தசைதான். வெரப்பமில் போடுபவர்களுக்கு மலச்சிக்கல் வருவதும் குடல் சுவரில் இதே கதை நடப்பதால். ஆம்லோடிபின் போடும் சிலருக்கு நெஞ்செரிச்சல் கூடும், உணவுக்குழாயின் கீழ் வளையம் கொஞ்சம் தளர்ந்துவிடுகிறது. ஈறு வீங்கி வளர்வதும் சிலருக்கு உண்டு, பல் டாக்டரிடம் போகும்போது இந்த மாத்திரை போடுவதைச் சொல்லுங்கள்.

பனையோலை:

நான் யாழ்ப்பாணம் பக்கம். எங்கட அப்பாவுக்கு கிளினிக்கில நிபெடிபின் 20 எஸ்ஆர் குளிசை தாறவை. அவருக்கு விழுங்கக் கஷ்டம் எண்டு அம்மா அதை அம்மியில வைச்சு நுணுக்கி, தேனில குழைச்சுக் குடுக்கிறா. குடிச்ச அரை மணித்தியாலத்துக்குள்ள முகம் சிவந்து, நெஞ்சு படபடக்குது, தலை சுத்துது எண்டு படுத்திடுறார். பின்னேரம் பார்த்தா பிறஷர் திரும்ப ஏறி நிக்குது. மருந்து ஒத்துவரேல்லையோ? அண்ணைமார் ஆராவது சொல்லுங்கோ.

மதகடி:

பனையோலை, நுணுக்குவதை இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். மருந்தில் குறை இல்லை, நுணுக்குவதில்தான் வினை. எஸ்ஆர் என்றால் மெதுவாக வெளியாகும்படி செய்த குளிசை. அதை அம்மியில் நுணுக்கினால் பல மணி நேரத்துக்கென்று கட்டிவைத்தது மொத்தமும் ஒரே மூச்சில் ரத்தத்தில் இறங்கிவிடும். மதகுகள் சட்டென்று அடங்கும், குழாய்கள் விரியும், பிரஷர் கிடுகிடுவென இறங்கும். கழுத்துத் தமனியில் பிரஷரைக் கவனிக்கும் நரம்புகள் உடனே பதறி, இதயத்தை வேகமாக ஓடச் சொல்லும். அப்பாவின் படபடப்பு அதுதான். மருந்து சீக்கிரம் கரைந்துபோவதால் பின்னேரம் பிரஷர் ஏறுகிறது.

இது சின்ன விஷயம் இல்லை. ஒரு காலத்தில் பிரஷர் ஏறிவிட்டால் நிபெடிபின் கேப்ஸ்யூலை ஊசியால் குத்தி நாக்குக்கு அடியில் விடுவது எங்கும் நடந்தது. எண் சட்டென்று இறங்கும், பார்ப்பவர்களுக்கு நிம்மதியாக இருக்கும். ஆனால் அந்த வேகத்தில் மூளைக்கும் இதயத்துக்கும் ரத்தம் போதாமல் பக்கவாதமும் மாரடைப்பும் வந்தது பதிவானது. 1995, 96-இல் வந்த ஆய்வுகளுக்குப் பிறகு மருத்துவர்கள் அதைக் கைவிட்டார்கள். ஆம்லோடிபின் நன்றாக நின்றதற்குக் காரணமே அதன் நிதானம். சேனலில் மெதுவாக ஒட்டும், மெதுவாக விடும், ரத்தத்தில் உச்சத்துக்கு வரவே 6 முதல் 12 மணி நேரம்.

கிளினிக்கில் "அப்பாவால் விழுங்க முடியவில்லை" என்று சொல்லுங்கள். நுணுக்கக்கூடிய வேறு குளிசைக்கு மாற்ற அவர்களால் முடியும். விழுங்கக் கஷ்டம் எப்போதிருந்து என்பதையும் அவர்களே பார்க்கட்டும்.

பனையோலை:

நன்றி அண்ணை. நாளைக்கே கூட்டிக்கொண்டு போறன். அம்மா அழுறா, தான்தான் செய்தது எண்டு.

செம்பருத்தி:

அம்மாவை அழ விடாதீர்கள். "எஸ்ஆர் என்றால் முழுசாக விழுங்க வேண்டும்" என்று குளிசை கொடுக்கும்போது ஒருவர் சொல்லியிருந்தால் அவர் நுணுக்கியிருக்க மாட்டார். அதைச் சொல்ல வேண்டியது எங்களைப் போன்றவர்களின் வேலை.

வைகைக்கரை:

எனக்கு மூன்று மருந்தும் ஒரே மாத்திரையில் கொடுத்திருக்கிறார்கள். டெல்மிசார்டன், ஆம்லோடிபின், குளோர்தாலிடோன். மூன்றுமே கால்சியத்தைத் தடுப்பவையா? ஒன்றுக்கு மூன்றாக எதற்கு?

புறநோயாளிப்பிரிவு:

பொது மருத்துவன். மதகடி ஐயா சொன்ன மதகு, குதிர் இரண்டையும் வைத்தே சொல்லிவிடலாம்.

ஆம்லோடிபின் மதகில் நேரடியாகக் கை வைக்கிறது. டெல்மிசார்டன் மதகைத் தொடுவதில்லை. ஆஞ்சியோடென்சின் என்ற ஹார்மோன் ரத்தக்குழாய்த் தசையில் வந்து ஒட்டினால், உள்ளே ஐபி3 என்ற தூதுப்பொருள் கிளம்பிக் குதிரின் கதவைத் திறக்கும். அதோடு, இருக்கும் கால்சியத்துக்கே தசை கூடுதலாகச் சுருங்கும்படியும் ஆஞ்சியோடென்சின் செய்துவிடும். டெல்மிசார்டன், லோசார்டன் எல்லாம் ஆஞ்சியோடென்சின் ஒட்டும் இடத்தில் முன்கூட்டியே போய் உட்கார்ந்துகொள்கின்றன. பிராசோசின் நார்அட்ரினலினுக்கு அதே வேலையைச் செய்கிறது. மினாக்சிடில் இன்னொரு விதம். பொட்டாசியம் வாசலைத் திறந்து சவ்வின் மின்னழுத்தத்தைக் கீழே இறக்கிவிடும், மதகு தானாகவே மூடிக்கொள்ளும். எந்த வழியில் போனாலும் கடைசியில் எல்லாம் அந்தத் தசை செல்லுக்குள் கால்சியத்தைத் தணிப்பதில்தான் வந்து நிற்கின்றன. ஒரு வழியை மட்டும் அடைத்தால் உடம்பு மறு வழியில் ஈடுகட்டப் பார்க்கும். அதனால்தான் ஒரே மருந்தை இரட்டிப்பாக்குவதை விட, இரண்டு வழியிலும் கொஞ்சம் கொஞ்சம் குறைப்பது நல்ல பலன் தருகிறது.

குளோர்தாலிடோன் சிறுநீரகத்தில் உப்பையும் நீரையும் வெளியேற்றுவது. கரிசல்மண், இதை உங்களுக்காகவும் சொல்கிறேன், கவனமாகப் படியுங்கள். பிரஷர் மருந்துகளில் ரத்தக் கால்சியத்தை உண்மையிலேயே மாற்றுவது இந்த தயாசைடு வகைதான். அதுவும் குறைப்பதில்லை, கூட்டும். சிறுநீரில் போகும் கால்சியத்தைக் குறைத்து உடம்பிலேயே நிறுத்திவைக்கும். சிறுநீரில் கால்சியம் அதிகம் போய்க் கல் உண்டாகிறவர்களுக்கு இதே குணத்துக்காகத்தான் அதைக் கொடுக்கிறோம். ஆனால் தயாசைடு போடுபவர் கூடவே கால்சியம் மாத்திரையும் வைட்டமின் டி-யும் நிறையச் சாப்பிட்டால் ரத்தத்தில் கால்சியம் மிஞ்சிப்போகலாம். உங்கள் அம்மாவுக்கு நாளை ஒரு நாள் மாத்திரையை மாற்ற நேர்ந்தால், எலும்புக்கு என்னென்ன சாப்பிடுகிறார் என்பதைச் சொல்லிவிட்டு, ரத்தக் கால்சியமும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நெய்தல்:

என் அனுபவத்தையும் சேர்த்துக்கொள்கிறேன். ஆம்லோடிபின் 10-க்கு ஏற்றியதிலிருந்து சாயங்காலம் ஆனால் இரண்டு கணுக்காலும் வீங்கிவிடும். செருப்பைக் கழற்றினால் வார் அழுத்தின பள்ளம் அப்படியே நிற்கும், விரலால் அழுத்தினால் குழி விழும். ஒரு இடத்தில் காட்டியபோது நீர் மாத்திரை எழுதினார்கள். ராத்திரி நாலு தடவை எழுந்ததுதான் மிச்சம், வீக்கம் குறையவில்லை. பிறகு இன்னொரு டாக்டர் ஆம்லோடிபினை 5-க்கு இறக்கி டெல்மிசார்டன் சேர்த்தார். மூன்று வாரத்தில் பள்ளம் மறைந்தது. ஏன் நீர் மாத்திரைக்குக் கேட்கவில்லை என்று இன்று வரை யாரும் சொல்லவில்லை.

மதகடி:

உங்கள் உடம்பில் நீர் கூடியிருக்கவில்லை, அது இடம் மாறி நின்றது. ஆம்லோடிபின் தமனிப் பக்கத்துச் சிறு குழாய்களைத் தளர்த்துகிறது, சிரைப் பக்கத்தை அவ்வளவாகத் தளர்த்துவதில்லை. வரும் வழி அகலம், போகும் வழி பழைய அகலம். நடுவில் உள்ள நுண்குழாய்களில் அழுத்தம் ஏறி, நீர் திசுவுக்குள் கசிகிறது. நின்று நடமாடினால் கணுக்காலில் சேருகிறது. டெல்மிசார்டன் போன்றவை சிரைப் பக்கத்தையும் கொஞ்சம் திறந்துவிடும், கசிவு குறையும். சில்னிடிபின் என்ற மருந்தில் இந்த வீக்கம் குறைவு என்பதற்கும் காரணம் இதுதான். அது எல்-வகையோடு நரம்பு முனைகளில் உள்ள என்-வகைச் சேனலையும் அடக்குவதால் சிரைகளும் தளர்கின்றன.

புறநோயாளிப்பிரிவு:

ஒரு சொல் சேர்க்கிறேன். கால் வீக்கத்தை எப்போதும் ஆம்லோடிபின் தலையில் போட்டுவிடாதீர்கள். படுத்தால் மூச்சு முட்டுகிறது, நாலைந்து நாளில் எடை கூடியிருக்கிறது, ஒரு கால் மட்டும் வீங்கி வலிக்கிறது என்றால் அது வேறு. பிரஷர் மருந்துகளை ஒப்பிட்ட, 33,000 பேருக்கு மேல் சேர்ந்த ஆல்ஹாட் ஆய்வு 2002-இல் வெளிவந்தது. அதில் மாரடைப்பைத் தடுப்பதில் ஆம்லோடிபின் குளோர்தாலிடோனுக்குச் சமமாகவே நின்றது, ஆனால் இதயச் செயலிழப்பு ஆம்லோடிபின் பக்கம் கூடுதலாக இருந்தது. அதனால் நாங்கள் காலைப் பார்த்ததும் கழுத்துச் சிரையையும் பார்க்கிறோம்.

பழையபேருந்து:

வணக்கம். எனக்கு வயது 70. இதய ரத்தக்குழாயில் கால்சியம் படிந்திருக்கிறது என்று சிடி ஸ்கேனில் எண் போட்டுக் கொடுத்தார்கள். கால்சியம் பிளாக்கர் போட்டு வருகிறேன். அது இந்தப் படிவைக் கரைத்துவிடும் என்று நம்பியிருந்தேன்.

மதகடி:

ஐயா, கரைக்காது. நீங்கள் கேட்டது நல்லதாயிற்று, இரண்டும் ஒரே பெயரில் வருவதால் குழப்பம் இயல்பு. ஸ்கேனில் தெரிவது கொழுப்புப் படிவு முற்றி, அதன்மேல் சுண்ணாம்பாக இறுகிய கால்சியம். மருந்து தொடுவது, உயிருள்ள தசை செல்லுக்குள் நொடிக்கு நொடி வந்து போகும் கால்சியம். முன்னது சுவரில் பூசிய காரை மாதிரி, பின்னது வாய்க்கால் தண்ணீர். காரைக்கான வைத்தியம் கொழுப்பு மாத்திரை, புகையை விடுவது, சர்க்கரைக் கட்டுப்பாடு என்று வேறு பாதையில் போகிறது. கொழுப்பு மாத்திரை சிம்வாஸ்டாட்டின் என்றால், ஆம்லோடிபினோடு சேரும்போது ஒரு நாளைக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. அட்டையைப் பார்த்து டாக்டரிடம் கேளுங்கள். பம்பளிமாஸும் கிரேப்ஃப்ரூட்டும் ஃபெலோடிபின் போன்ற சில மருந்துகளின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும், அவற்றைப் போடுபவர்கள் அந்தப் பழங்களைத் தவிர்ப்பது நல்லது.

இளமருந்தகம்:

ஐயா, கடைசியாக ஒன்று. பிரஷரைக் குறைக்கக் கால்சியத்தைத் தொட வேண்டும் என்று யாருக்கு முதலில் தோன்றியது?

மதகடி:

பிரஷருக்காக யாரும் தொடங்கவில்லை. லண்டனில் சிட்னி ரிங்கர் 1880-களில் தவளை இதயத்தை உப்புக்கரைசலில் துடிக்க வைத்தார். நன்றாகத் துடித்தது. பிறகுதான் தெரிந்தது, கரைசலைக் காய்ச்சி வடித்த நீரில் செய்யாமல், குழாய்த் தண்ணீரில் செய்திருக்கிறார்கள். வடித்த நீரில் செய்தால் இதயம் நின்றுவிட்டது. குழாய்த் தண்ணீரில் இருந்த கால்சியம்தான் அதைத் துடிக்க வைத்தது. அவர் தன் முந்தைய கட்டுரையில் இருந்த பிழையை 1883-இல் தானே எழுதித் திருத்தினார். எனக்கு அந்த மனிதர் மேல் பெரிய மரியாதை.

எண்பது வருடம் கழித்து, 1960-களில், ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் நகரில் ஆல்பிரெக்ட் ஃப்ளெக்கன்ஸ்டைன் வெரப்பமில் முதலிய மருந்துகளைச் சோதித்தார். அவற்றைக் கொடுத்தபோது இதயம் கால்சியம் இல்லாத கரைசலில் கிடப்பது போலத் தளர்ந்தது. கால்சியத்தைக் கூட்டினால் மறுபடி தெளிந்தது. அதிலிருந்து கால்சியம் எதிர்ப்பான் என்ற பெயரும், பிறகு இந்த மருந்துக் குடும்பமும் வந்தன. இன்றைக்கும் ஒருவர் இந்த மாத்திரையை அளவுக்கு மீறி விழுங்கிவிட்டால், மருத்துவமனையில் செய்யும் முதல் காரியங்களில் ஒன்று நரம்பு வழியாகக் கால்சியம் ஏற்றுவது. ரிங்கரின் தவளைக்குச் செய்ததேதான்.

கரிசல்மண்:

எல்லாருக்கும் நன்றி. மூணு வாரம் ஆச்சு, அதான் திரும்ப வந்தேன். டாக்டர் அதே ஆம்லோடிபின் 5-ஐத் தொடரச் சொன்னாங்க, எலும்புக்கான மாத்திரையும் நிறுத்தக் கூடாதுன்னாங்க. மதகடி ஐயா எழுதினதை அம்மாவுக்கு ரெண்டு தடவை படிச்சேன். மதகுன்னதும் அவங்களுக்குப் புரிஞ்சுபோச்சு, தாத்தா காலத்துல கண்மாய் மடை திறந்தவங்க வீடு எங்களது. "அப்ப கண்மாய்த் தண்ணிய இது குடிக்கலை, மடையைத்தான் பிடிக்குது"ன்னு அவங்களே சொன்னாங்க. இன்னைக்குக் காலையில 136/82.

இன்னும் ஒரு சந்தேகம். அம்மாவுக்குத் தைராய்டு மாத்திரையும் உண்டு. மூணையும் காலையில ஒண்ணா விழுங்கிடுறாங்க. பரவாயில்லையா?

செம்பருத்தி:

எண்ணைப் பார்த்து மனசு குளிர்ந்தது. ஆனால் மூன்றையும் ஒன்றாக வேண்டாம். தைராய்டு மாத்திரையை எழுந்ததும் வெறும் வயிற்றில் தண்ணீரோடு போடட்டும். கால்சியம் அதைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும், அதனால் இரண்டுக்கும் நாலு மணி நேர இடைவெளி வேண்டும். கால்சியத்தை மதியச் சாப்பாட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். ஆம்லோடிபினுக்கு அந்தப் பிரச்சினை இல்லை, காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு தினமும் ஒரே நேரத்தில் போட்டால் போதும்.

அடுத்த முறை அளக்கும்போது ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வைத்து, முதுகைச் சாய்த்து, காலைத் தரையில் ஊன்றச் சொல்லி, இரண்டு கையிலும் பாருங்கள். எந்தக் கையில் அதிகமோ அதையே தொடர்ந்து குறித்து வையுங்கள்.